காளியம்மா ஓர் அதிகாரியைப் படுக்கவைத்த சேதி

அன்பிலும் அதட்டலிலும் குறைவைக்காத என் பிலோமி அக்காவுக்கு,

எஸ்தர் எழுதுகிறேன். நீ போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. நீ இருக்கிற இடத்தில் யாரும் படுத்த படுக்கையாகக் கிடக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். அப்படியானால் உனக்கு அங்கே வேலையே இருக்காது. சும்மா உட்கார்ந்திருக்க உனக்குத் தெரியாதே, பொழுது எப்படிப் போகிறது?

உன் பொழுது போக ஒரு சேதி வைத்திருக்கிறேன். நம் காளியம்மா ஓர் அரசாங்க அதிகாரியைக் கட்டிலில் படுக்கவைத்து, தோளைப் பிடித்துச் சடாரென்று இழுத்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, கஞ்சியும் ஊட்டிவிட்டாள். அவர் கஞ்சியை மிச்சம் வைக்கவில்லை. காளியம்மாவைப் போலீஸும் பிடிக்கவில்லை.

முழுவதும் சொல்கிறேன், அவசரப்படாதே. உன் நினைவு நாளுக்குப் பெண்கள் எல்லாரும் கூடுகிறார்கள். அன்றைக்கு இந்தக் கடிதத்தை நான் வாசிக்கவேண்டுமாம். உன்னை அறியாதவர்களும் வருவார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். "தெரிஞ்சதையே எதுக்குளா சொல்லுதே?" என்று இடையில் பாயாதே.

நாங்கள் வீட்டு ஆயாக்கள். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள், வயதாகி எழுந்து நடமாட முடியாதவர்கள் என்று இந்தத் தூத்துக்குடியில் கட்டிலோடு கிடக்கிறவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பெட்பேன் வைப்பது, முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் எங்கள் பாடு. இதை எங்களுக்குப் பழக்கியவள் பிலோமி அக்கா. தோணிக்காரர் வீட்டுப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. மருந்துப் பாட்டில்களை மூடியின் நிறத்தையும் மருந்தின் வாடையையும் வைத்தே அடையாளம் சொல்வாள். ஒருநாளும் மாற்றிக் கொடுத்ததில்லை.

நான் உன்னிடம் வந்த முதல் நாளை நீ மறந்திருக்கமாட்டாய். பக்கத்து நாசரேத்து ஊர்க்காரி, எட்டாம் வகுப்புத் தேறியவள், கையில் வேதபுத்தகமும் தலைக்குள் கொஞ்சம் திமிருமாக வந்து நின்றேன். புருஷனை இழந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஏதாவது சொல்லித் தருவாய் என்று பார்த்தால், "செருப்பைக் கழத்திட்டுக் கட்டில்ல படுளா" என்றாய். படுத்தேன். ஒரு வார்த்தை சொல்லாமல் என் தோளைப் பிடித்து இழுத்துப் புரட்டினாய். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு வாயில் கஞ்சியைத் திணித்தாய். விழுங்குவதற்குள் அடுத்த கரண்டி வந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்த பிறகுதான், "எப்படி இருக்கு?" என்று கேட்டாய். "எரிச்சலா வருது" என்றேன். "அதை மறந்துராத" என்றாய். அதன்பின் எல்லாவற்றையும் முதலிலிருந்து சரியாகச் செய்து காட்டினாய். ஒவ்வொன்றையும் சொல்லி, கேட்டு, நான் தலையசைத்த பிறகு செய்தாய்.

அதுதான் உன் வழக்கம். புதிதாக வருகிறவர் யாரானாலும் முதலில் நோயாளியாகப் படுக்கவேண்டும். முதலில் தப்பாகச் செய்து காட்டுவது, பிறகு சரியாக. "சொல்லிட்டுத் தொடுளா" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கத்துவாய்! உன் கையில் பழகிய நாங்கள் பதினாலு பேரும் அந்த வழக்கத்தை விட்டதில்லை. இத்தனை கலாட்டாவும் அதனால்தான் வந்தது.

நீ போன இரண்டாம் மாதம் அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டில் நோயாளி பார்க்கும் ஆயாக்கள் எல்லாரும் ஆபீஸில் பெயர் பதிந்து அட்டை வாங்கவேண்டும். அட்டை இல்லாதவளை எந்த வீட்டிலும் வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. இப்படி ஒரு விதியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். யார் யாரோ வேலைக்கு வந்து, கிடக்கிறவர்களைக் கிடந்தபடியே விட்டு, முதுகு புண்ணாகிப் புழுத்த பிறகு நம்மைக் கூப்பிட்ட வீடுகள் உண்டு. அப்படி ஒரு வீட்டிலிருந்து திரும்பும்போது நீ வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாய். "இதைக் கேக்க ஒரு நாதி கிடையாதா?" என்று என்னிடம் கத்தினாய். நாதி வந்தது அக்கா. வந்த லட்சணத்தைக் கேள்.

எட்டாம் வகுப்புத் தேறியிருக்கவேண்டும். எழுத்துப் பரீட்சை எழுதவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆபீஸ் நேரத்தில் நேரில் போய் அட்டையைப் புதுப்பிக்கவேண்டும். வேலை நேரத்தில் நோயாளியைத் தனியே விட்டுப் போகவும் கூடாது. அவர்களுடைய ஆபீஸ் நேரம்தானே நம்முடைய வேலை நேரம்? அட்டையைப் புதுப்பிக்கப் போனால் நோயாளியைத் தனியே விட்ட குற்றம், போகாவிட்டால் அட்டை இல்லாத குற்றம். இதை எழுதியவர் வீட்டில் எல்லாரும் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார்கள் போலிருக்கிறது.

பதினாலு பேரில் எட்டாம் வகுப்புத் தாண்டியவர்கள் மூன்று பேர். மற்றவர்களில் அதிகம் ஆடிப்போனவள் காளியம்மா. அவள் உப்பளத்தில் வெந்து, காலெல்லாம் வெடித்து, இனி முடியாது என்று உன்னிடம் வந்தவள். இரண்டு வருஷமாகச் சூசைத் தண்டல் வீட்டில் இருக்கிறாள். தண்டல் என்றால் தோணியின் தலைவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய மனிதர் அவர். பக்கவாதம் அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. ஒரே மகள் பள்ளிக்கூட டீச்சர். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். அதுவரைக்கும் அவருக்குக் கையும் காலும் வாயும் காளியம்மாதான்.

"அட்டை கிடைக்கலன்னா என்ன? மறுபடி உப்பளத்துக்குப் போயிருவேன். என் மம்பட்டி எனக்காக அங்கனதான் காத்துக் கெடக்கும்" என்று காளியம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே கால் இரண்டையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். டீச்சர் மகள் ஊரெல்லாம் விசாரித்துப் பார்த்தாள். அட்டை வாங்கத் தகுதியுள்ள ஆள் ஒருத்திகூடச் சும்மா இல்லை. மாதக் கடைசிக்குள் ஆள் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிடுவதாக என்னிடம் சொன்னாள். இந்த ஒரு வீட்டில் மூன்று பேருடைய பிழைப்பு ஓர் எட்டாம் வகுப்புச் சான்றிதழில் தொங்கிக்கொண்டிருந்தது.

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? ஆபீஸ் வாசலில் நின்று தெருவே கூடுமாறு சண்டை போட்டிருப்பாய். எனக்கு அந்தத் தொண்டை இல்லை. நான் மனு எழுதினேன். டைப்ரைட்டிங் படிக்கும் பெண்ணைப் பிடித்து அழகாக அடித்து வாங்கி, பதினாலு பேர் கையெழுத்தும் கைநாட்டுமாக எடுத்துக்கொண்டு போனேன்.

அதிகாரி ஊருக்குப் புதியவர். கோயம்புத்தூர்ப் பக்கம். கண்ணாடி போட்ட, சற்றுப் பருமனான, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். மனுவை இரண்டு தடவை படித்தார். "நீங்க சொல்றது நியாயமாத்தானுங்க இருக்குது. ஆனா படிக்கத் தெரியாதவங்களுக்கு வேலை தெரியும்னு நான் எதைப் பார்த்துங்க நம்பறது?" என்றார். எனக்கு எங்கிருந்தோ உன் கோபம் வந்துவிட்டது. "வேலையைப் பார்த்து நம்புங்கய்யா. வீட்டுக்கு வந்து பாருங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. அவர் காலண்டரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை மத்தியானம் வர்றனுங்க" என்றார்.

அதே வியாழக்கிழமை காலையில் இன்னோர் ஆளும் தண்டல் வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஆண் நோயாளிகளைக் குளிப்பாட்ட ஓர் ஆண் வேண்டும் என்று நீ கடைசி வரைக்கும் தேடிக்கொண்டிருந்தாயே, அப்படி ஒருவரைச் சாத்தான்குளத்தில் பிடித்திருந்தேன். காளியம்மாவிடம் நான் படித்துப் படித்துச் சொன்னேன்: "காலையில புது ஆள் வருவாரு, நம்ம வழக்கப்படி பழக்கிரு. அதிகாரி மத்தியானம் வருவாக. அதுக்குள்ள நல்ல சேலையா மாத்திக்க."

சாத்தான்குளத்துக்காரர் பஸ்ஸைத் தவறவிட்டார். அதிகாரிக்கு மத்தியானம் புதுத் துறைமுகத்தில் ஏதோ வேலை வந்துவிட்டதாம். காலை பத்து மணிக்கே, பியூன் இல்லாமல், சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார். மீதியை உனக்குச் சொல்லவும் வேண்டுமா?

நான் போனபோது பதினொரு மணி இருக்கும். தண்டல் ஐயா ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. வலிப்புத்தான் வந்துவிட்டதோ என்று பதறி ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார் அக்கா. கண்ணில் தண்ணீர் வடிய வடியச் சிரித்துக்கொண்டு இடது கையால் கட்டிலைக் காட்டினார். கட்டிலில் அதிகாரி தலையணைகளில் சாய்ந்து படுத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி நெஞ்சின் மேல் வைத்திருந்தார். கழுத்தில் துண்டு. தலைமாட்டில் காளியம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு, "இன்னொரு வாய் தரட்டுமா தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர், "கொடுங்க" என்றார்.

நடந்ததைப் பிறகு காளியம்மா சொன்னாள். "எஸ்தரம்மா சொல்லியிருப்பாங்களே, வேலை எப்படின்னு பார்க்க வந்திருக்கறனுங்க" என்று அவர் வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். அவள், "வாங்க தம்பி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. பேனாவை எடுத்து வெளிய வையுங்க, குத்தும். கட்டில்ல படுங்க" என்றிருக்கிறாள். "நானுங்களா?" "பின்ன நானா? படுக்காம எப்படிப் பழகுவீக?" அவர் இதுவும் சோதனையில் ஒரு பகுதி என்று நினைத்துப் படுத்துவிட்டார். எவ்வளவு நல்ல மனிதர் பார்!

பிறகு வழக்கப்படி முதல் பாடம். காளியம்மா ஒன்றும் சொல்லாமல் தோளைப் பிடித்து இழுத்தாள். அவர், "அம்மா!" என்று அலறிவிட்டார்.

"எப்படி இருக்கு?"

"பயந்துட்டனுங்க."

"தண்டல் ஐயாவுக்கும் இப்படித்தான் இருக்கும். அவுகளால கத்த முடியாது, அவ்வளவுதான்."

அடுத்து சரியான முறை. "இப்ப இடப்பக்கம் திருப்பப் போறேன். வலது கையை நெஞ்சு மேல வச்சுக்கிடுங்க. திருப்பட்டுமா?" என்று கேட்டு, அவர் சரி என்றதும், முதுகுக்கு அடியில் விரித்திருந்த பழைய பாய்மரத் துணியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ஒற்றை ஆளாகத் திருப்பிவிட்டாள். தோணியில் கிழிந்துபோன பாயை வெட்டி நீ கொண்டுவந்த யுக்தி அது. திருப்ப இரண்டு ஆள் வேண்டும் என்று விதியில் எழுதியிருந்தது. அந்த விதியை நடத்த வந்தவரே ஒரு கிழவியின் இழுப்பில் பூப்போலத் திரும்பிவிட்டார். அதன்பிறகு கஞ்சி. நல்லவேளை, பெட்பேன் பாடத்துக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன்.

"ஏளா காளி, அவுகதான் அதிகாரி!" என்று கத்திவிட்டேன். கரண்டி அந்தரத்தில் நின்றது. காளியம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "நீதான ஆள் வருவாருன்ன? ஆள் வந்தாரு" என்றாள் என்னிடம், அழப்போகிற குரலில். அதிகாரி எழுந்திருக்கவில்லை. "அந்தக் கரண்டியக் கொடுத்துட்டுப் பேசுங்கம்மா, ஆறிப் போயிரும்" என்றார். தண்டல் ஐயாவுக்கு மறுபடியும் தோள் குலுங்க ஆரம்பித்தது.

அப்புறம் அவர் எழுந்து, கண்ணாடியைப் போட்டு, பைலைத் திறந்து அதிகாரியானார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை திருப்புவீங்க? மணி பார்க்கத் தெரியுங்களா?" என்று கேட்டார். காளியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "மணி தெரியாதுய்யா. ஆலைச் சங்கு ஊதுனா ஒரு திருப்பு. மெயில் ரயிலு போச்சுன்னா ஒரு திருப்பு. பள்ளிக்கூடத்துல சாப்பாட்டு மணி அடிச்சா ஒண்ணு. மறுபடி சங்குக்கு ஒண்ணு. மாதா கோயில் சாயங்கால மணிக்கு ஒண்ணு. ரெண்டு சத்தத்துக்கு நடுவுல ரொம்ப நேரமாச்சுன்னா அவுக முகமே சொல்லிரும்." அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.

கடைசியில் நாற்காலிக்கு எதிரே போய்க் குனிந்து நின்றார். "ஐயா, உங்க முதுகை நான் பார்க்கட்டுங்களா? சட்டையைத் தூக்கப் போறேன், சரிங்களா?" என்று கேட்டார். காளியம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். தண்டல் ஐயா தலையசைத்தார். இரண்டு வருஷம் படுத்துக்கிடந்த முதுகில் ஒரு தடிப்புக்கூட இல்லை. அதிகாரி வெகுநேரம் பார்த்தார். உன்னை அந்த நிமிஷத்தில் நினைத்ததுபோல் நான் உன் அடக்கத்தன்றுகூட நினைக்கவில்லை.

"இந்த விதியை நான் எழுதலைங்க. மாத்தறதும் என் கையில இல்லை" என்று வாசலில் சொன்னார். "ஆனா இங்க பார்த்ததை மெட்ராசுக்கு எழுதறது என் கையில இருக்குது." பதில் வரும்வரை பழைய ஆட்களே வேலை செய்யலாம் என்றும் ஒரு குறிப்புப் போட்டார். சைக்கிளை எடுத்தவர், தோளைத் தேய்த்துக்கொண்டேதான் போனார்.

பதில் வர ஐந்து மாதம். அதற்குள் காளியம்மா மூன்று தடவை உப்பளத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினாள், நான்கு தடவை திரும்பி வந்தாள். கணக்கு இடிக்கிறது என்கிறாயா? அவளிடமே கேட்டுக்கொள். நான் மாடத்தில் விளக்கு வைக்கவில்லை, மெழுகுத்திரி ஏற்றவில்லை, எங்கள் புராட்டஸ்டன்ட் முறைப்படி கண்ணை மூடி ஜெபம்தான் செய்தேன். உன் மாதாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். இதை எங்கள் பாதிரி ஐயரிடம் சொல்லிவிடாதே.

போன மாதம் திருத்தம் வந்துவிட்டது அக்கா. படிப்புக் கட்டாயமில்லை. பரீட்சை எழுத முடியாதவளை வீட்டிலேயே வேலை செய்யவைத்துப் பார்ப்பார்கள். கைநாட்டுப் போதும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும், அதற்கும் அவர்களே வீட்டுக்கு வருவார்கள். புதிதாக ஒரு பிரிவும் சேர்த்திருக்கிறார்கள்: நோயாளிக்கு முன்கூட்டித் தெரிவித்து, அவரது இசைவைப் பெற்ற பின்னரே பராமரிப்பாளர் அவரது உடலைத் தொடுதல் வேண்டும். நீ இரண்டு சொல்லில் கத்தியதை அவர்கள் இரண்டு வரியில் எழுதியிருக்கிறார்கள்.

பெயர் பதிகிற நாளில் பதினாலு வீட்டிலும் அக்கம்பக்கத்தாரை நோயாளிக்குத் துணை வைத்துவிட்டுப் போனோம். படிவத்தை எல்லாருக்கும் நான்தான் நிரப்பினேன். பயிற்சி பெற்ற இடம் என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதுவது? காளியம்மாவைக் கேட்டேன். "பிலோமி அக்காதான், வேற யாரு?" என்றாள். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். எல்லாப் படிவத்திலும் உன் முழுப் பெயரை, பிலோமினா என்று எழுதிக் கொடுத்தேன். அப்போதுதான் தோன்றியது, உனக்கு யார் இதையெல்லாம் சொல்லித் தந்தது? இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் கேட்கவில்லையே அக்கா.

குமாஸ்தா படிவங்களைப் புரட்டினார். முகம் சுருங்கியது. "ஏம்மா, பதினாலு பேரும் பிலோமினா, பிலோமினான்னு போட்டிருக்கிய. இது எங்கன இருக்கிற நர்சிங் ஸ்கூலு? நான் கேள்விப்பட்டதே இல்லியே. அரசாங்க அங்கீகாரம் உண்டா?" என்றார். காளியம்மா கையிலிருந்த கைநாட்டு மை உலர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு தூரம் வந்து ஒரு கட்டத்தில் போய் மாட்டிக்கொண்டோமே என்று நின்றேன்.

உள் அறையிலிருந்து அதிகாரி வந்தார். படிவத்தை வாங்கிப் பார்த்தார். "தெரியுங்க, நல்ல ஸ்கூலுதான். நானே அங்க ஒரு நாள் காலையில படிச்சிருக்கேன்" என்றார். "முத்திரையைப் போடுங்க."

குமாஸ்தா பதினாலு முத்திரையும் போட்டார். நாங்கள் வெளியே வந்து, ரோட்டில் நின்று, பைத்தியக்காரிகள் மாதிரி சிரித்தோம். பிறகு அழுதோம். பிறகு தண்டல் ஐயாவுக்குச் சங்கு நேரம் ஆகிவிட்டது என்று காளியம்மா அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைக்காதே. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கேட்டிருந்தோம். அதைப்பற்றித் திருத்தத்தில் ஒரு வார்த்தை இல்லை. உன்னைப் போல் ஒரு கோயில்பித்து இந்தத் தெருவில் கிடையாது. ஆனால் இருபது வருஷம் நீ ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசைகூடப் பார்த்ததில்லை. யாரோ ஒருவருடைய கட்டிலருகே நின்று, ஜன்னல் வழியாக வரும் மணிச் சத்தத்துக்குச் சிலுவை போட்டுக்கொள்வாய். நான் அதைப் பார்த்துச் சிரித்ததும் உண்டு. அது இப்போது நெஞ்சை அறுக்கிறது.

அடுத்த மனு டைப் ஆகிவிட்டது அக்கா. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை வாங்காமல் நான் விடமாட்டேன். அது கிடைத்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஆராதனைக்குப் போகாமல் உன் கோயிலுக்கு வந்து, முழுப் பூசைக்கும் உன் இடத்தில் உட்காருவேன். காளியம்மாவும் வருகிறேன் என்கிறாள். எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்கால் போடுவது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் செய்துகொள்கிறோம். தப்பாகச் செய்தால் அங்கிருந்தே ஓர் அதட்டல் போடு.

கூடப் பிறக்காமலே உனக்குத் தங்கச்சி ஆகிப்போன
எஸ்தர்